கேழ்வரகு குடித்த மோட்டார்

பாகூரில் ஒரு மோட்டார் நான்கு மாதம் விலை போகாமல் நின்றது. வண்டியில் இருந்த குறைகள் யாருக்கும் தெரியாது. ஆகவே அவை காரணமில்லை. அதில் இரண்டு பேர்தான் உட்கார முடியும், அதுதான் காரணம். எங்கள் பக்கத்தில் வண்டி என்றால் மாமியார், நாத்தனார், நாத்தனாரின் பிள்ளைகள், ஒரு பலாப்பழம், கடைசி நிமிடத்தில் "நானும் ரோடு வரைக்கும் வரேன்" என்று தொற்றிக்கொள்கிற ஒருவர் ஆகிய அனைவருக்கும் இடம் வேண்டும். புருஷனும் பெண்சாதியும் மட்டும் போகிற வண்டி என்பதே கொஞ்சம் வெட்கக்கேடான சாமான். பார்க்க வந்த பெரிய பண்ணைக்காரர்கள் எல்லாரும் சுற்றி வந்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், "மீதிப் பேரு எங்க குந்துவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஊற்றுக்கிணறு துளைக்கும் வேலைக்காகப் பிரான்சிலிருந்து வந்த எஞ்சினியர். ஊரில் 'முசே' என்று சொன்னால் அவரைத்தான் குறிக்கும். பந்தயத்தில் ஓட்டுவதற்கென்று செய்த வண்டி அது. முன்பக்கம் நீளம், பின்பக்கம் படகு மாதிரிக் கூம்பியிருக்கும். எஞ்சினை மூடும் முன்மூடியைத் தோல் வார் போட்டு இழுத்துக் கட்டியிருக்கும். மேற்கூரை என்று ஒன்று கிடையாது. ஒரு காலத்தில் கருநீலமாக இருந்திருக்க வேண்டும். எங்கள் வெயில் அதை வெளுத்துச் சலவைக்குப் போட்ட சட்டையாக்கிவிட்டது. கிணறுகளைத் துளைத்து முடித்துவிட்டு முசே ஊர் திரும்பப் போகிறார் என்பதால் விற்பனைக்கு வந்தது.

நான் கொம்யூன் அலுவலகத்தில், நாங்கள் மேரி என்று சொல்கிற இடத்தில், பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்தவள். அவள் குழந்தையை வெளியே கொண்டுவருவாள், நான் அதைப் பிரெஞ்சில் எழுதுவேன். குடும்பத்தில் இப்படி வேலைப் பிரிவினை இருந்தது. எந்த வேலை கடினம் என்று அவள் ஒருபோதும் கேட்டதில்லை. நல்ல மனசு.

அதற்கு முந்தின வருடம் ஐப்பசியில் சோரியாங்குப்பத்திலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தபோது நல்ல மழை. எங்கள் மாட்டு வண்டி ஏரிக்கரைச் சேற்றில் மூன்று இடத்தில் நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாய் இருந்தாள், குழந்தை இல்லை. மறுநாள் தகப்பன் மேரிக்கு வந்து நின்றான். உயிரில்லாமல் பிறந்த குழந்தைக்கு என்று ஒரு வாசகம் உண்டு. அதை நான்தான் எழுதினேன். அன்றைக்குக் கையெழுத்து நன்றாக வந்திருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அதே பெண் மறுபடி கர்ப்பமானாள். நாள் மறுபடி ஐப்பசியில்தான். ஆவணி பிறந்ததும் என் மனைவி சொன்னாள்: "இந்தத் தடவ மாட்ட நம்பி நான் கெளம்பமாட்டேன். ஒரு மோட்டாரு பாருங்க."

அவளுக்காகத்தான் வாங்கினேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் அந்த நீல வண்டியை நான் மாதக்கணக்காக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். அதில் உட்கார்ந்தால் என் பக்கவாட்டுத் தோற்றம் எப்படி இருக்கும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். நாற்பத்து மூன்று வயது, வழுக்கை, தொந்தி. பக்கவாட்டில் பார்க்காமல் இருப்பதே நல்லது. ஆனால் மனைவி வாயால் மோட்டார் என்று வந்ததும், ஊரில் விலைக்கு இருப்பது அந்த ஒன்றுதான் என்ற செய்தியை மிகுந்த வருத்தத்தோடு அவளிடம் தெரிவித்தேன்.

நான் ஆயத்தமாகவும் இருந்தேன். மோட்டார் எஞ்சினைப் பற்றிய ஒரு தடித்த பிரெஞ்சுப் புத்தகத்தை இரண்டு தடவை படித்திருந்தேன். எல்லா உறுப்புகளின் பெயரும் தெரியும். அவை எங்கே இருக்கும் என்பதுதான் தெரியாது.

"நீங்க பாத்து வாங்கின காள, படுத்தா எழுந்திரிக்க மாட்டேங்குது," என்றாள் மனைவி. "தரகர இட்டுகினு போலாம்."

"மாட்டுத் தரகரையா? மோட்டார் பார்க்கவா?"

"பொய் சொல்றவன கண்டுபுடிக்கத்தான் ஆளு வேணும். பொருளு எதுவா இருந்தா இன்னா?"

அன்று சாயங்காலமே தரகர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் மூவரும் முசேயின் வீட்டு வாசலில் நின்றோம். தரகருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் துண்டு, வாயில் புகையிலை. சந்தையில் அவர் ஒரு மாட்டைப் பார்த்துத் தலையாட்டினால் அது பத்திரத்தில் முத்திரை குத்திய மாதிரி. மோட்டாரின் அருகே போனவர் அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து, அது நின்ற தரையைப் பார்த்தார்.

"மாட்ட அப்புறம் பாக்கலாம் தம்பி. கட்டுத்தறிய மொதல்ல பாரு. ராத்திரி இன்னா செஞ்சிதுன்னு அது சொல்லும்."

தரை சொல்லியது. ஒரு வட்டம் எண்ணெய். அதற்கு முன்னால் இன்னும் ஈரமாக ஒரு தண்ணீர்த் திட்டு. தரகர் பிறகு முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பொழுது விடிஞ்சி கோழி கூட எறங்கல. இதுக்கு ஏன் இப்பவே ஒடம்பு சுடுது?"

முசே சிரித்துக்கொண்டே, வருகிறவர்களைக் காக்க வைக்கக்கூடாது என்று ஒருமுறை ஓட்டி வைத்ததாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். மரியாதையான மனிதர் என்று என் சொந்தக் கருத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

"மரியாததான்," என்றார் தரகர். "நொண்டி மாட்ட விக்கிறவனும் சந்தைக்கு முன்ன அர மைலு நடத்தி இட்டுகினு வருவான். சூடு ஏறிட்டா நொண்டி தெரியாது. ஆறட்டும். உக்காரு."

உட்கார்ந்தோம். ஒரு பந்தய வண்டி குளிர்வதற்காக மூன்று பேர் வேப்பமரத்தடியில் காத்திருந்த காட்சி பாகூருக்குப் புதிது. முசே காப்பி கொடுத்தார். சமையல்காரர் டம்ளர்களைக் கொண்டுவந்தபோது எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரகர் அதைக் கவனித்தார். நான் காப்பியைக் கவனித்தேன்.

வண்டி ஆறிய பிறகு முசே முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். எட்டாவது சுற்றில் அது இருமியது, பதினோராவதில் எழுந்தது. என் புத்தக அறிவைக் காட்ட இதுவே தருணம் என்று எஞ்சினில் தீப்பொறி எத்தனை பாகை முன்னதாக விழ வேண்டும் என்று ஒரு நீண்ட கேள்வி கேட்டேன். முசே என்னை இரக்கத்தோடு பார்த்து, "உங்கள் பிரெஞ்சு மிகவும் நன்றாக இருக்கிறது," என்றார்.

தரகர் சுழி பார்த்தார். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து வாங்குகிறவன் வாழ்வானா கெடுவானா என்று சொல்வது அவர் தொழிலில் முக்கியமான கட்டம். மோட்டாருக்கு மயிர் இல்லை. ஆனால் இடது பின்பக்கத்தில் வட்டமாக ஒரு ஒடுக்கு இருந்தது. தரகர் முகம் சுருங்கியது.

"எடது பின்தொடையில சுழி. கட்டுறவன் வூட்டுக்காரிக்கு ஆவாது."

"அது தேங்காய் விழுந்தது," என்றார் முசே, நான் கேட்டுச் சொன்ன பிறகு.

"தேங்கா வுழுந்தா யார் மண்டையிலயும் சுழி வரும்," என்றாள் என் மனைவி. "மேல பாருங்க தரகரே."

அவர் முகர்ந்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பெட்டியின் மூடியைத் திருகித் திறந்து, விரலை விட்டு எடுத்து, நுனி நாக்கில் வைத்தார். முசே பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தரகர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை சப்புக் கொட்டினார்.

"கேவுரு," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கேவுரு மாவு தம்பி! வண்டிக்குக் கூழு ஊத்தி வச்சிகிறாங்க!"

எல்லாரும் சமையல்காரரைப் பார்த்தோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒழுவிக்கினே இருந்துச்சிங்க. ஒழுவுனா யாரு வாங்குவாங்க? முசே ஊருக்குப் போவணுமேன்னு... நாந்தாங்க ரெண்டு படி மாவு கரைச்சி ஊத்தினேன். முக்காவாசி அடச்சிகிச்சி. அவருக்குத் தெரியாதுங்க."

இதை முசேக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிரெஞ்சில் கேழ்வரகுக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. 'ஏழைகளின் காலை உணவு' என்றேன். அவர் முகம் மோட்டாரின் நீலத்துக்கு நேர் எதிராகச் சிவந்தது. பிறகு தன் சமையல்காரரின் தோளில் கையை வைத்து, வெகுநேரம் சிரித்தார். இந்தப் பெட்டியின் ஒழுக்கை எப்படி அடைப்பது என்று இரண்டு வருடமாகப் பாரிசுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம்.

ஒழுகும் வண்டி. ஐப்பசிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. வேறு வண்டி வாங்குகிற வசதியும் இல்லை. மனைவியைப் பார்த்தேன்.

அவள் பையிலிருந்து மரக்குழலை எடுத்தாள். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கிற, புனல் மாதிரியான சிறு குழல். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் முன்மூடியைத் திறக்கச் சொல்லி, அகன்ற முனையை எஞ்சினின் பக்கவாட்டில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தாள். ஒரு இடம், இன்னொரு இடம், மறுபடி முதல் இடம். சூடு தாங்காமல் விரலை மாற்றி மாற்றிப் பிடித்தாள். நாங்கள் நாலு ஆண்களும் பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்களைப் போல நின்றோம்.

"நாலு துடிப்பு கேக்குது," என்றாள் நிமிர்ந்து. "மூணாவது மட்டும் கொஞ்சம் தாமசமா வருது. ஆனா நிக்கல."

எஞ்சினின் நான்கு உருளைகளில் மூன்றாவதன் வால்வு தேய்ந்துவிட்டது என்று முசேக்கு ஏற்கெனவே தெரியும். அவர் தொப்பியைக் கழற்றினார். என் புத்தகத்தைப் பற்றி நான் பிறகு பேசவே இல்லை.

"சோரியாங்குப்பம் போயி வருவோம்," என்றாள். "அதுக்கப்புறம் வெல பேசலாம்."

வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் தரகரை முசேயிடம் பணயமாக விட்டுவிட்டுப் புறப்பட்டோம். புதுச்சேரியில் ஒரு பஸ் ஓட்டுநரிடம் இரண்டு வாரம் கற்றுக்கொண்ட வித்தையை அன்று முதல் முறையாகத் தனியாகப் பயன்படுத்தினேன். வண்டியின் வயிறு தாழ்வு. மாட்டு வண்டித் தடத்தின் நடுமேட்டில் அது உராயும்போதெல்லாம் நான் என் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஏரிக்கரை நடுவில் முன்மூடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. நிறுத்தினோம். வாய்க்காலில் தகரத்தில் மொண்டு ஊற்றினோம். பொங்கிய கூழின் மணம் வந்தது, எனக்குப் பசித்தது. மறுபடி ஓடியது.

"ஒரு தடவ நின்னுச்சி," என்றாள் மனைவி. "மாடு மூணு தடவ நின்னுது."

சோரியாங்குப்பத்தில் அந்தப் பெண் வேலியோரம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, படகா? ஆத்துல போறத ரோட்டுல இட்டாந்துட்டீங்க?"

"உனக்குத்தான்டி வாங்கலாம்னு பாக்கறோம்."

"எனக்கா? இதுலயா வரப்போறீங்க?" அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, முன்மூடியைத் தொட்டாள். "மழையில வருமாக்கா?"

என் மனைவி குழலில் படிந்த எண்ணெயை முந்தானையால் துடைத்து, அவளை உள்ளே அழைத்துப் போனாள். திரும்பி வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்: "வயித்துல இருக்கறவனுக்கு ஒரே துடிப்புதான். ஆனா உங்க வண்டியோட நாலையும் விட ஒழுங்கா ஓடுது. வாங்கிடலாம்."

திரும்பியபோது தரகரும் முசேயும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலே நல்ல சிநேகிதர்களாகியிருந்தார்கள். தரகர் துண்டை உதறி, முசேயின் வலது கையைப் பிடித்து, இரண்டு கைகளின் மேலும் துண்டைப் போட்டார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். விரல்களைப் பிடித்துத் தொகை சொல்வார்கள், சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. முசே இதைக் கைகுலுக்கல் என்று எண்ணி உற்சாகமாகக் குலுக்கினார். தரகர் அவர் கட்டைவிரலை மடக்கி, மூன்று விரலை இறுக்கினார். முசேயின் புருவம் உயர்ந்தது. நான் விளக்கினேன். அவர் முகத்தில் சீட்டாடுபவனின் களை மெல்ல வந்தது. பிறகு கால்மணி நேரம் துண்டுக்குள் ஒரு சிறு பிராணி புரண்டது. முசே ஒருமுறை "நோன்!" என்று கத்தினார், தரகர் அதற்கு மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் பயந்ததைவிடக் குறைவான விலைதான். தரகர் தன் கூலிக்குமேல், ஒரு படி கேழ்வரகும் கேட்டு வாங்கிப்போனார். சாட்சிக்காம்.

பித்தளைக் குடத்துக்கு ஓட்டை அடைக்கிறவர் தண்ணீர்ப் பெட்டியில் மூன்று இடத்தில் ஈயம் வைத்தார். நான்காவது ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை, வண்டிக்குத் தெரிந்திருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் காலை, மழையோடு மழையாக, சோரியாங்குப்பத்திலிருந்து அந்தத் தகப்பன் ஓடிவந்து நின்றான். பதினான்கு சுற்று சுற்றினேன். எழுந்தது. மனைவி குடையை விரித்தாள். ஏரிக்கரை திரும்புவதற்குள் குடை புரண்டு ஏரிக்குள் போய்விட்டது. இருவரும் நனைந்துகொண்டே போனோம். வண்டி ஒரு தடவை நின்றது, சரியாக ஒரு தடவை. சோரியாங்குப்பத்தில் மனைவி பையோடு இறங்கி ஓடினாள். நான் வேலியோரம் கொட்டகையில் ஒதுங்கி நின்றேன். மோட்டார் மழையில் ஆவி விட்டுக்கொண்டு, சீறி, விசிலடித்து, முனகிக்கொண்டிருந்தது. அது இன்னும் ஒருமுறை எழுந்திருக்குமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் புதிதாக ஒரு சத்தம் கேட்டது. கிறீச்சென்று, விட்டுவிட்டு, கோபமாக. நான்காவது ஓட்டைதான் என்று தகரத்தை எடுத்துக்கொண்டு வண்டியிடம் ஓடினேன். முன்மூடியில் கையை வைத்தேன். அது எப்போதோ அடங்கிப்போயிருந்தது.

சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.