ஜூஸ் குடித்து எழுந்தவன்

காளிமுத்து சாகக் கூடாது என்று ஜூஸ் பவுடர் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் சொன்னார். நான் தலையாட்டினேன். காளிமுத்து அதற்கு முந்தைய கோடையிலேயே செத்துப்போயிருந்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், வாரம் ஒரு தனிக்கதை என்று அரைமணி நேர நாடகத் தொடர் ஒன்றை துபாயில் தயாரித்தோம். எல்லாம் வளைகுடாத் தமிழர்களின் கதைகள். ஸ்கிரிப்ட், டைரக்‌ஷன் இரண்டும் என் பொறுப்பு. கராமாவில் ஒரு பழைய ஃபிளாட்தான் செட். நடிகர்கள் எல்லோரும் டியூட்டி பார்ப்பவர்கள் என்பதால் ஷூட்டிங் லீவு நாளான வெள்ளிக்கிழமை மட்டும். டேப் சென்னைக்குப் போய், சாட்டிலைட் சேனலில் ஒளிபரப்பாகும். ஊரிலும் பார்ப்பார்கள். செலவு முழுவதும் ஜூஸ் கம்பெனியுடையது.

அதற்கு ஈடாக, ஒவ்வொரு கதையிலும் பிரேக்குக்கு முன்னால் யாராவது அந்த ஜூஸைக் கலக்கிக் குடிக்க வேண்டும். ‘கிளாஸ் சீன்’ என்போம். பெண் பார்க்க வந்தவர்கள் குடித்தார்கள். விசா ரத்தானவன் குடித்தான். விவாகரத்துக் கேட்டு வந்தவள்கூட ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் அழுதாள். “சார், இந்த வாரம் யாருக்குத் தாகம்?” என்பான் கேமராமேன். நானும் சிரிப்பேன்.

முருகேசன் ஷார்ஜாவில் ஒரு கட்டட சைட்டில் கம்பி கட்டுபவன். ராமநாதபுரம் பக்கத்து ஆள். சின்ன வேஷங்களுக்கு வருவான். ஒருநாள், அதே சைட்டில் தன்னோடு வேலை பார்த்த ரூம்மேட் காளிமுத்துவின் கதையைச் சொன்னான். தலை சுற்றுகிறது என்று கெஞ்சியும் ஃபோர்மேன் அவனை உட்கார விடவில்லை. வெயிலில் கம்பிகளுக்கு நடுவிலேயே சுருண்டு விழுந்து செத்தான்.

“ஊர்ல குடிச்சே செத்தான்னு பேசுறாங்க சார். அவன் டீயைத் தவிர எதையும் தொட்டதில்ல. அவன் பொண்டாட்டியே என்னைய நம்ப மாட்டேங்குது. கூட்டாளிக்காகப் பொய் சொல்றேன்னு நெனைக்கிது. டிவில வந்தா நம்பும்.”

எழுதினேன். நான் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மேனேஜர் படித்துவிட்டு மேஜையைத் தட்டினார். “சூப்பர் சார்! ஆனா சாவு வேணாம். சம்மர் நம்ம சீசன். வெயில்ல விழறான் பாருங்க, அங்கயே கிளாஸ் சீனை வச்சிடுங்க. குடிக்கறான், எந்திரிக்கறான். கலாஸ், முடிஞ்சுது!”

“இது நடந்தது சார்.”

“நடந்தத நியூஸ்ல காட்டட்டும். பிடிக்கலன்னா சொல்லுங்க, அடுத்த சீசன் மலையாளத்துல பண்ணிக்கிறோம்.”

ஒரு மனிதனின் சாவைத் தன் பவுடருக்கு வசதியான இடமாகப் பார்த்த அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது. ஆனால் அன்று நான் என்ன செய்தேன்? எம்.ஏ. படித்தவன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தொடர் நின்றால் டிவியில் என் பெயர் வராது. வேறு காரணம் ஏதும் இல்லை.

முருகேசனே முருகேசனாக நடித்தான். விழுந்து கிடக்கும் காளிமுத்துவுக்கு ஜூஸ் கலக்கிக் கொடுப்பது அவன்தான். கிளாஸைக் கையில் கொடுத்ததும் என்னைப் பார்த்தான்.

“அவன் எந்திரிக்கலயே சார்.”

“நாடகம்தானேப்பா. ஃபோர்மேன் சீன் அப்படியே இருக்குல்ல? யல்லா, டேக் போலாம்.”

அவன் கலக்கிக் கொடுத்தான். “பாக்கெட் தெரியல, ஒன் மோர்!” என்று கத்தியவன் நான்தான். ஃபோர்மேன் சீனும் எடிட்டிங்கில் போனது. கட்டடக் கம்பெனிகள் தொழிலாளர் கேம்புகளுக்கு மொத்தமாக ஜூஸ் வாங்குகின்றனவாம்.

ஒளிபரப்பானதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை முருகேசன் வந்தான். உட்காரவில்லை.

“நம்பிருச்சு சார்.”

“யாரு?”

“காளிமுத்து பொண்டாட்டி. நாடகம் பாருன்னு நாந்தான் சொல்லியிருந்தேன். மிஸ்டு கால் குடுத்துச்சு, கூப்பிட்டேன். ‘அவரு குடிச்சுச் சாகல, வெயில்லதான் விழுந்தாருன்னு இப்ப நம்புறேண்ணே’ன்னுச்சு. அப்பறம் கேட்டுச்சு: ‘அந்த ஜூஸை ஏண்ணே நீங்க அவருக்குக் கலக்கிக் குடுக்கல?’”

நான் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன்.

“என்ன சார் சொல்லட்டும்?” என்றான். அப்படியே போய்விட்டான். பிறகு எந்த வேஷத்துக்கும் வரவில்லை.

இதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, கிராமம் வரைக்கும் ரீச் ஆயிருக்கு!”

நாடகம் எடுக்க வரும் தம்பிகளே, ஸ்பான்சர் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. கல்யாண வீட்டில், ஆபீஸில், எங்கு வேண்டுமானாலும் அவர்கள் கிளாஸை வையுங்கள். செத்தவன் வாயில் மட்டும் ஊற்றாதீர்கள்.