வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

தோமசின் எங்கள் நாடகக் கொட்டகை முற்றத்தில் இஞ்சி ரொட்டி விற்றாள். நின்றபடி நாடகம் பார்க்கும் கூட்டத்துக்குள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புகுந்தால் கூட்டம் வழிவிடும். தோளால் இடித்தே வழியெடுப்பாள் என்பதும் ஒரு காரணம். வலதுகால் சற்றுக் குட்டை. நடையில் படகு ஆடுவதுபோல் ஓர் ஆட்டம் இருக்கும். தலையை ஒருபக்கம் சாய்த்து, "தின்னு பாருங்க, செத்துட்டா காசு வேணாம்!" என்று கூவுவாள். லண்டன் தென்கரையில் அந்தக் கூவலைக் கேட்காதவர் இல்லை.

இரண்டு புருஷன்மாரைப் புதைத்தவள். முதலாமவன் படகோட்டி, தேம்ஸ் பாலத்தடிச் சுழலில் போனான். இரண்டாமவனைக் கொள்ளைநோய் கொண்டுபோனது, ஒரே பெண்குழந்தையையும் சேர்த்து. குழந்தையைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. நாற்பத்தாறு வயதில் கையுறை தைக்கும் ரெய்னால்டு அவளைப் பெண் கேட்டார். அவரும் மனைவியை இழந்தவர், அதிராமல் பேசுகிறவர், கோயிலில் முன் பெஞ்சுக்காரர். நாடகம் என்றால் காத தூரம் ஓடுவார்.

"உங்ககிட்ட என்னத்தக்கா கண்டாரு?" என்று என் மனைவி ஆவிஸ் கேட்டாள்.

"ராத்திரி இருமினா எழுந்து பாக்க ஆள் வேணுமாம். எனக்கும்தான் வேணும். காதல் கீதல்னு சொல்லிச் சிரிக்க வைக்காம நேரா கேட்டாருடி. அதான் சரின்னுட்டேன்."

'இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்வார் உண்டா' என்ற கல்யாண ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்த பிறகே கல்யாணம். இரண்டு வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு உடுத்த வைத்திருந்த கவுனின் கைகள் இறுக்கிப் பிடிக்கின்றன என்று தோமசின் அதை என்னிடம் கொடுத்தாள். நான் கொட்டகையின் உடுப்பறைக்காரன். அக்கம்பக்கத்துத் தையலும் பார்ப்பேன். சாமந்தி நிறக் கவுன், பச்சைக் கைகள். ஈஸ்டருக்கு ஈஸ்டர் அதைத்தான் உடுத்துவாள். தெருக்கோடியில் தெரிந்தாலே தோமசின் வருகிறாள் என்பார்கள். கொட்டகைத் துணிகளோடு வெளியார் துணி சேரக்கூடாது என்பது கொட்டகையை நடத்தும் பங்குதாரர்களின் கட்டளை. என் வீட்டிலோ வெளிச்சம் போதாது. உடுப்பறை ஜன்னலோரம் வைத்துத் தைத்தேன்.

அந்தச் செவ்வாய் ஒரு புது நகைச்சுவை நாடகம். எங்கள் தொழிலில் முழு நாடகத்தையும் படித்தவர், ஏட்டைக் காக்கிறவர் ஒருவர்தான். நடிகனுக்கு அவனவன் பேச்சு மட்டும் ஒரு சுருளில் கிடைக்கும், முன்னால் பேசுகிறவன் எந்தச் சொல்லில் முடிப்பான் என்ற குறிப்போடு. முழுசாக வெளியே விட்டால் அடுத்த கம்பெனிக்காரன் திருடிவிடுவான். எனக்கோ ஆணியில் தொங்கும் அட்டைதான் வேதம்: யார் எப்போது நுழைகிறார்கள், அவ்வளவுதான். அதில் 'விதவை, பகட்டான உடையில்' என்று இருந்தது. எங்கள் விதவைக் கவுனை எலி கடித்திருந்தது. இன்று நாடகம் உண்டு என்று கொட்டகைமேல் கொடி ஏற்றியாயிற்று, முற்றம் நிரம்பிக்கொண்டிருந்தது. சாமந்திக் கவுன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஒரு பிற்பகல்தானே என்று டோபியிடம் எடுத்துக் கொடுத்தேன். அவன் பெருத்த தோளுக்கு ஏற்பத் தையலைக்கூடப் பிரித்துவிட்டேன். டோபி எங்கள் கோமாளி. கிழவி வேஷமெல்லாம் அவனுக்குத்தான்.

செத்த பிரபுக்களின் அங்கிகளை அவர்கள் வேலைக்காரர்களிடம் விலைக்கு வாங்கி உடுத்துகிறவர்கள் நாங்கள். மேடையேறிவிட்டால் துணிக்குச் சொந்தக்காரர் கிடையாது, வேஷம்தான் உண்டு என்ற நினைப்பு எங்களுக்கு ஊறிப்போயிருந்தது.

கவுனை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்த டோபி, "அட, இது நம்ம ரொட்டிக்காரி!" என்றான். கழற்றுடா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் நாடகம் தொடங்க எக்காளம் ஊதிவிட்டார்கள்.

நாடகத்து விதவை மூன்று புருஷனை முழுங்கிவிட்டு நாலாவதைத் தேடி அலைகிறவள் என்பது, அவன் மேடைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டோபி வலதுகாலை இழுத்து ஆடி ஆடி நடந்தான். தலையைச் சாய்த்தான். ஏட்டில் இல்லாததை எடுத்துவிட்டான்: "தின்னு பாருங்க, செத்துட்டா காசு வேணாம்!"

கொட்டகை அதிர்ந்தது. பின்திரையின் சந்து வழியாகப் பார்த்தேன். முற்றத்துத் தலைகளெல்லாம் கூடையோடு நின்ற தோமசின் பக்கம் திரும்பியிருந்தன. பக்கத்தில் ரெய்னால்டு. தன் பிழைப்பு மானமான பிழைப்பு என்று காட்டுவதற்காக அன்றைக்குத்தான் அவரை வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தாள். முதலில் சிரித்தவள் அவள்தான், எல்லாரையும்விடச் சத்தமாக. பத்து வருஷமாக முற்றத்தில் நின்று நாடகம் பார்த்தவளுக்குக் கோமாளியின் வழி தெரியும்.

"கையுறைக்காரரே, ரொட்டியத் தொடாதீங்க! உசுரு பத்திரம்!" என்று மாடத்திலிருந்து எவனோ கத்தினான்.

ரெய்னால்டு தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியேறினார். தோமசின் அதற்குப் பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள், எப்படி நிறுத்துவது என்று தெரியாதவள்போல.

மறுநாள் காலை உடுப்பறைக்கு வந்தாள்.

"தம்பி, யாரு குடுத்தது?"

"நான்தான்க்கா."

"டோபி மேல எனக்குக் கோவமில்ல. அவன் குரங்கு, ஆடத்தான் செய்வான். ஆனா அந்த மனுஷன், நானே கவுனைக் குடுத்து, நானே சொல்லியும் குடுத்து, வேடிக்கை பாக்க அவரையும் இழுத்துட்டு வந்தேன்னு நினைக்கிறாரு. நான் சொன்னா நம்பல. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"சொல்றேன்க்கா."

"கவுனைக் குடு."

"பிரிச்சுப் போட்டிருக்கேன்க்கா. தைச்சுத் தரேன்."

தினம் ஒரு நாடகம் போட்ட காலம் அது. வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பயம் என்பதே உண்மை. ரெய்னால்டிடம் ஒப்புக்கொண்டால் பங்குதாரர்கள் காதுக்குப் போகும், வேலை போகும். ஆவிஸுக்கு அப்போது எட்டு மாதம்.

செவ்வாயன்று கிடைத்த சிரிப்பைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையும் அதே நாடகம் என்றார்கள். எலி கடித்த கவுனை ஒட்டுப்போட்டு டோபியிடம் நீட்டினேன்.

"இதுக்கு எவன்டா சிரிப்பான்? அந்த மஞ்சளைக் குடு, கில்பர்ட்டு."

"வேணாம்டா. அவ கல்யாணம்டா."

"நானா மாப்பிள்ளை? நாலு நாள்ல எல்லாம் மறந்துடுவானுங்க. இல்ல, மஞ்சக் கவுன் யாரோடதுன்னு பங்குதாரர்கிட்ட நானே போய்ச் சொல்லட்டுமா?"

கொடுத்தேன்.

சனிக்கிழமை மாலை கையுறைக் கடைத் தெருமுனைவரை போனேன். தொழில் பழகும் வாலிபர்கள் நாலைந்து பேர் கடைமுன் நொண்டி நொண்டி நடந்து, "செத்துட்டா காசு வேணாம்!" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. கூட்டம் கலையட்டும் என்று திரும்பிவிட்டேன்.

"சொல்லிட்டியா?" என்றாள் ஆவிஸ்.

"ம்," என்றேன்.

ஞாயிறு பாதிரியார் வேறு மூன்று ஜோடிகளின் ஓலையை வாசித்தார். தன் பெயர் கடைசியில் வரும் என்று நினைத்தவளாக, ஏட்டை மூடிய பிறகும் தோமசின் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலை உதிரும் காலத்தில், ஆவிஸுக்குப் பிள்ளை பிறந்து வீடு ஒருவழியான பிறகு, ரெய்னால்டின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டுத்தோலை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமையும் அவ குடுக்கலையா?"

"இல்லீங்க. ரெண்டு தடவையும் நான்தான்."

"மொத நாள் நடந்தத நான் மறந்திருப்பேன். கவுன் திரும்ப மேடைக்கு வந்துச்சுன்னு கேட்டுத்தான் ஓலையை நிறுத்தச் சொன்னேன்." வெட்டிய தோலை ஓரமாக எடுத்து வைத்தார். "லாம்பெத் ஊர்ல ஒரு அம்மாவக் கட்டிக்கிறதா வாக்குக் குடுத்துட்டேன். இனிமே என்ன பண்றது?"

என் நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. அந்த லேசோடேயே நேராகத் தோமசினிடம் போய், வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் சொன்னதையும் சொன்னேன். அவள் கொட்டகை வாசலில் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமையாலதானாமா?" என்றாள்.

"ஆமாக்கா."

இரண்டு ரொட்டிகளை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"நீ அப்பவே போய்ச் சொல்லியிருப்பேன்னு இருந்தேன்டா. அவருக்கு நாடகமும் பிடிக்காது, இந்த வாயும் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சு இத்தனை மாசம் ஓட்டிட்டேன். அது எனக்குச் சுலபமா இருந்துச்சு. இத எதுக்குடா எங்கிட்ட வந்து சொன்ன?"

வாசல் திறந்துவிட்டார்கள். கூட்டம் உள்ளே நெருக்கியது. கூடையைத் தூக்கிக்கொண்டு அவளும் உள்ளே போனாள்.