ஏணி மேல் முனிரத்தினம்

"பொட்டியத் தட்டாதம்மா, அது இன்னா பலாப்பழமா?" என்று அதட்டிக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றுகிறார் முனிரத்தினம். சாம்பியன் ரீப்ஸில் யார் வீட்டில் இணையம் படுத்துக்கொண்டாலும் முதலில் இந்தக் குரல் வரும். ஆள் பின்னால் வருவார்.

இங்கே தங்கச் சுரங்கம் மூடும்வரை கேஜில், அதாவது ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டில், மணியடித்தவர். இப்போது ஐம்பத்தெட்டு வயதில் ஆண்டர்சன்பேட்டையில் கடை வைத்து, நானூறு வீடுகளுக்கு ஃபைபர் வயர் இழுத்திருக்கிறார். கோளாறைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். விளக்கம் சொல்லத்தான் அரை மணி வேண்டும். கொடுத்த காபி ஆறிவிடும், அவர் ஆறமாட்டார்.

"பேண்ட்விட்த்துனா இன்னா? டனலோட அகலம். லேட்டன்சினா? நீ மணி அடிச்சதுக்கும் கேஜ் வந்து நிக்கறதுக்கும் நடுவுல ஆவுற நேரம். டனல் அகலமா கீதுன்னு கேஜ் சீக்கிரம் வந்துடுமா?"

பாக்கெட் என்றால் என்ன என்று ஒருமுறை தெரியாத்தனமாக நானே கேட்டுவிட்டேன்.

"ஷிப்ட்டு முட்ச்சி எல்லாரையும் ஒரே கேஜ்ல ஏத்துவாங்களா சார்? கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவாங்க. நீ அனுப்புற போட்டோவும் அப்பிடித்தான், துண்டு துண்டா போவும். மேல போயி டோக்கன் நம்பர் பாத்து வரிசையா நிக்கும். ஒருத்தன் வர்லன்னா விட்டுடுவாங்களா? மறுபடியும் கேஜ எறக்குவாங்க."

எங்கள் எதிர்வீட்டுச் சுனிதாவுக்கு வேறு பாடம். சத்தம் போட்டால் இணையம் கெட்டுவிடும் என்று பயந்து, அவள் போனில் முக்கியமாகப் பேசும்போதெல்லாம் மோடத்தின் பக்கத்தில் குழந்தையை வாய் திறக்கவிடமாட்டாள். "உள்ள போறது வெளிச்சம்மா. நீ ஒரலு வச்சி இடிச்சாலும் அதுக்குக் காது கேக்காது," என்று முனிரத்தினம் சிரித்தார்.

சுனிதா தினமும் விடியலில், தூங்கும் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் பெங்களூரு ரயிலைப் பிடிக்கிறவள். போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருந்தாள்; பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். தேறிவிட்டால் வீட்டிலிருந்தே வேலை. பத்தரைக்கு, பூதிகோட்டையிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த லாரி தெரு வயரை அறுத்துக்கொண்டு போனது. சுனிதா அழுதுவிட்டாள்.

முனிரத்தினம் ஏணியோடு வந்தார். பாடம் எதுவும் நடத்தவில்லை. அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. தலைமுடி கனத்துக் கண்ணாடி இழையை மெஷினில் வைத்து ஒட்டினார். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் ஒட்டிய இடத்தை மூடும் பெட்டி கடையில் இருந்தது. போய்வர நேரமில்லை.

"வயரு தொங்குனா ஜாயிண்ட்டு பூடும். நீ போயி உக்காரும்மா, நான் புடிச்சிக்கினு நிக்கறேன்."

முக்கால் மணி நேரம். உச்சி வெயில். தலைமேல் துண்டு போட்டுக்கொள்ளக்கூட அவர் அசையவில்லை.

பாதியில் பேக்கரி வைத்திருக்கும் டென்சில் அந்தப் பக்கம் வந்தார். முனிரத்தினத்திடம் அதிகம் பாடம் கேட்டு நொந்தவர் அவர்தான். பழி தீர்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? ஏணியடியில் நின்று தெருவே கேட்கக் கூவினார்: "இன்னா முனிரத்தினம், டனல் இடிஞ்சி பூட்ச்சா?"

முனிரத்தினம் பதறிப்போய்ச் சுனிதா வீட்டு ஜன்னலைப் பார்த்தார். ஒரு கையால் வயரைப் பிடித்தபடியே, மற்றொரு கையின் விரலை உதட்டின் மேல் வைத்தார்.