தெற்கு மேலே

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். நாலாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தோஹாவில் ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடி துடைப்பது என் டியூட்டி. இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் அண்ணனும் நானும் நிலத்தைப் பாகம் பிரித்தோம். வடக்குப் பாகம் பெரிது, தண்ணீர் இல்லை. தெற்குப் பாகம் சிறிது, கிணறு உண்டு. எங்கள் பக்கம் மூத்தவர் பிரித்தால் இளையவர் முதலில் எடுப்பது வழக்கம். பயிர் வைப்பது என் மனைவி. அவளுக்காகக் கிணறு வேண்டும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம்.

லீவு கிடைக்காததால் அண்ணன் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்தேன். "ஒனக்கு எதுன்னு படம் போட்டு அனுப்புடா, பத்திரம் எழுதுறவர் கேக்குறார்" என்றார். எங்கள் வீடு நிலத்துக்கு வடக்கே. வாசலில் நின்றால் எதிரே தெரிவது தெற்கு. அதை மேலே வைத்து வரைந்தேன். மேல் பாகத்தில் சிவப்பு அடித்தேன். கிணற்றைக் குறிக்கவில்லை. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அருங்காட்சியகத்தில் ஒரு பழைய உலகப் படம் இருக்கிறது. பல நூறு வருடத்துக்கு முன் அரபிகள் வரைந்தது. என் படத்தை அனுப்பிக் கொஞ்ச நாள் கழித்து அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நம் ஊரைத் தேடினேன். அங்கே காவல் நிற்கும் கீழக்கரைக்காரர் சிரித்தார்.

"என்னண்ணே, உலகம் தலைகீழா இருக்கேன்னு பாக்கிறீங்களா?"

"கடல் எந்தப் பக்கம்னே தெரியல பாய்."

"அந்தக் காலத்துல இவங்க தெற்கை மேலே வச்சு வரைஞ்சாங்க. இப்ப எந்த ஆபீஸ்லயும் வடக்குதான் மேலே."

துணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"போன வாரமே பதிஞ்சாச்சு. நீ செவப்பு அடிச்சது மேலே. வடக்கு ஒனக்கு."

"கிணத்துப் பக்கம்னு நெனச்சுத்தான் அடிச்சேன்ணே."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? இனிமே மாத்த எம்மவன் ஒத்துக்குவானா?"

நான் என்ன நினைத்தேன் என்று அண்ணனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அதையும் நான் கேட்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வருடமாக எங்கள் பாகம் தரிசாகக் கிடக்கிறது. அவள் நூறு நாள் வேலைக்குப் போகிறாள். போர்வெல் போட்டுப் பார்த்தோம், புழுதிதான் வந்தது.

அந்தப் படத்தை இன்றும் துடைத்தேன். அதை வரைந்தவர் காலத்தில் சுற்றி இருந்தவர்களுக்கும் தெற்கு மேலேதான் இருந்திருக்கும். அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

எழுதியது, 2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை.