துண்டுக்கடியில் என் கை

என் கையெழுத்து நன்றாக இருக்காது. மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊசி பிடித்துப் பழகிய விரல்கள், பேனாவைப் பிடித்தால் நடுங்குகின்றன. எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். படிக்கிற நீங்கள் அவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் நான் செய்ததை மட்டும் திருத்திப் படித்துவிடாதீர்கள்...

ஒரு குடும்பத்தைச் செத்த வண்டியில் ஏற்றி அனுப்பியவன் நான்!

அந்த வண்டியைப் பழைய கார் யாவாரி என்ன விலைக்கு எடுத்திருப்பார் என்று சரியாகச் சொன்னேன். ஏன் அந்த விலைக்கு எடுத்தார் என்பதைச் சொல்லவில்லை. அதுதான் என் குற்றம். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட எனக்குப் பயமில்லாமல் விடியவில்லை.

தூத்துக்குடி பைபாஸ் ரோட்டோரம் காருக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். பெயர் சேவியர். சேவி என்றால்தான் தெரியும். நாலு பேர் நடுவில் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாடிக்கையாளரிடம் கூலி கேட்கக்கூடத் தரையைப் பார்த்துத்தான் கேட்பேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். பழைய வண்டியைக் காட்டினால், யாவாரி அதற்கு என்ன கொடுத்திருப்பார் என்று சொல்லிவிடுவேன். மந்திரம் ஒன்றும் இல்லை. வண்டியை விற்பதற்கு முன்பு யாவாரிகள் என்னிடம்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நல்ல விலை கொடுத்து எடுத்த வண்டி என்றால் கையை இறுக்குவார்கள். கிழிந்த இடத்தை மட்டும் தைக்கச் சொல்வார்கள். மலிவாக விழுந்த வண்டி என்றால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிற தாராளம் வந்துவிடும். அதோடு புது டயர், பெயிண்டு, தரகு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் போதும். கேட்கிற விலையிலிருந்து பின்னால் நடந்து, எடுத்த விலைக்குப் போய்விடலாம். அது தெரிந்தால் எங்கே பேரத்தைத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். அதனால்தான் வண்டி வாங்குகிறவர்கள் என்னை ரகசியமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அந்த மார்கழி வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குளங்கள் உடைந்து ஊருக்குள் வந்து, எத்தனையோ வண்டிகள் கூரை வரை மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்து சில மாதம் கழித்து, பரமசிவம் அண்ணாச்சி ஒரு வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து என் கடையில் விட்டார். பெரிய யாவாரி. என் வேலையில் முக்கால்வாசி அவர் கொடுப்பது.

"சேவி, துட்டப் பாக்காத. சீட்டு, விரிப்பு, கூரத்துணி எல்லாத்தையும் மாத்து. புதுப்பொண்ணு மாதிரி இருக்கணும்" என்றார்.

சீட்டைக் கழற்றினேன். அடியில் வண்டல் மண். சீட்டு நகரும் தண்டில் ஒரு நத்தைக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. சீட்டுக்கடியில் போகும் மஞ்சள் வயர், ஏர்பேக்குக்குப் போகிற வயர், அதன் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பக்கத்தில் இருந்த மற்ற வயர்களும் அப்படியே. சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஏர்பேக் கோளாறு என்றால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. யாரோ அதன் வாயைக் கட்டிவிட்டிருந்தார்கள்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? மண்ணைக் கழுவினேன். வயர்களைத் துடைத்தேன். அதன்மேல் புது விரிப்பை ஒட்டி, ஓரத்தைத் தைத்தேன். நத்தைக் கூட்டைச் சாக்கடையில் போட்டேன். கூலியை வாங்கிக்கொண்டேன்... இதுவரைக்கும் எல்லாத் தையற்காரனும் செய்வதுதான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிறகுதான் சூசை அண்ணன் வந்தார்.

சூசை அண்ணனுக்குச் சொந்த ஊர் கீழவைப்பார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. என் திருமணத்தில் எனக்கு மோதிரம் எடுத்துக் கொடுத்தவர். அவருக்கு மூன்று பிள்ளைகள். "ஏலே சேவி, பரமசிவம் அண்ணாச்சி யார்டுல ஒரு வெள்ள வண்டி நிக்கி. எம்பொண்டாட்டி பாத்த ஒடனே விழுந்துட்டா. நீ வா, அந்தாளு என்ன வெலைக்கு எடுத்திருப்பாருன்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

எந்த வண்டி என்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் போனேன். ஏன் போனேன்? வரமாட்டேன் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார் அல்லவா!

பரமசிவம் அண்ணாச்சியின் அப்பா மாட்டு யாவாரி. அந்தப் பழக்கத்தை மகன் கார் யார்டிலும் விடவில்லை. சுற்றி எப்போதும் தரகர்கள் நிற்பார்கள். அவர்கள் காதில் விழாமல் இருக்க, அங்கே விலையைத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு லட்சம். விரலைப் பாதியில் மடக்கினால் அரை. உள்ளங்கையோடு உள்ளங்கையை வைத்து அழுத்தினால், பேச்சு முடிந்தது, வாங்கிவிடு என்று அர்த்தம். வாங்குகிறவரும் அவர் கூட்டிவந்த ஆளும் தங்களுக்குள் அப்படிப் பேசிக்கொள்ளலாம். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அது பெரிய வரம். வாயைத் திறக்க வேண்டாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அண்ணாச்சி நாலே கால் லட்சம் கேட்டார். சூசை அண்ணன் தன் துண்டை என் கைமேல் போட்டார். நான் அவர் விரல்களைப் பிடித்தேன். ஒன்று. பிறகு ஒரு மடக்கு. ஒன்றரை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நம்பவில்லை. மறுபடியும் பிடித்தேன். ஒன்று... ஒரு மடக்கு.

இவ்வளவு குறைந்த விலையைக் கேட்டாலே அவருக்குச் சந்தேகம் வரும், ஏன் என்று கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கேட்கவில்லை. முகமெல்லாம் சிரிப்போடு அண்ணாச்சியிடம் திரும்பி, "அண்ணாச்சி, ரெண்டுக்கு மேல ஒரு பைசா சொன்னீங்கன்னா நான் சைக்கிள்லயே போயிக்கிடுதேன்" என்றார்.

"ரெண்டுக்கு ஸ்டியரிங்கும் ஒரு டயரும் தாரேன், உருட்டிக்கிட்டுப் போறியா?" என்றார் அண்ணாச்சி. தரகர்கள் சிரித்தார்கள். ஆனால் பேரம் நீளவில்லை. இரண்டேகாலுக்கு இறங்கிவிட்டார். நாலே காலிலிருந்து இரண்டேகால்! இருபது வருடமாக அவரைப் பார்க்கிறேன். ஆயிரம் ரூபாய் குறைப்பதற்குக்கூட அப்பா பெயரைச் சொல்லிக் கண்ணீர் விடுகிறவர், அன்று சிரித்துக்கொண்டே குறைத்தார்.

சூசை அண்ணன் முன்பணம் எண்ணப் போன நேரத்தில், அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகச் சொன்னார்:

"சேவி, ஒனக்கு வெலையும் தெரியும், வெலைக்குள்ள கதையும் தெரியும். கதைய நீ சொல்லல பாத்தியா... நீ பொழச்சுக்கிடுவ."

நான் என்ன பதில் சொன்னேன்? தலையை ஆட்டினேன்.

அடுத்த ஞாயிறு மாதா கோயில் வாசலில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து அந்த வண்டியை மந்திரித்தார். தீர்த்த வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? நான்தான்! பிலோமி மைனி, சூசை அண்ணனின் மனைவி, எல்லாரிடமும் சொன்னாள்: "எங்க சேவி இல்லேன்னா யாவாரி எங்கள மொட்ட அடிச்சிருப்பாம்." மத்தியானம் சீலா மீன் குழம்பு கொடுத்துவிட்டாள். சாப்பிட்டேன். தொண்டையில் முள் சிக்கவில்லை. சிக்கியிருக்கலாம்.

பள்ளிக்கூட நாட்களில் காலையில் சூசை அண்ணன் தெருமுனையில் ஆரன் அடிப்பார். அவருடைய மூன்று பிள்ளைகளும், தெருப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரும் ஓடி வந்து ஏறுவார்கள். முன் சீட்டில் சின்னவன். அவன் உட்காருகிற சீட்டின் அடியில்தான் அந்தப் பச்சை. வண்டி திரும்பி வருகிற வரைக்கும் என் தையல் மிஷின் நேராக ஓடாது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து ரோட்டுக்குப் போய்விடுவேன். போனில் சூசை அண்ணன் பெயர் வந்தால், எடுப்பதற்குள் எனக்குள் ஒரு சாவு நடந்து முடிந்துவிடும்...

போன மழைக்காலத்தில் ஒரு நாள் கடைக்கு வந்தார். "ஏலே, உப்பளத்து ரோட்டுல போயிட்டிருக்கேன், ஒன்னுஞ் சொல்லாம வண்டி நட்ட நடுவுல எரும மாதிரி படுத்துட்டு. பொறத்தால ஒரு கண்டெய்னர் லாரி. பிரேக் புடிச்சான் பாரு, அவன் மூஞ்சி எங்கண்ணாடில முழுசாத் தெரியுது! பிள்ளைக வேற உள்ள" என்று சொல்லிச் சிரித்தார். பிழைத்தவரின் சிரிப்பு. பிறகு, "மழ பேஞ்சா உள்ள ஒரு சேத்து நாத்தம் வருது. நாங்க மீன் எதும் ஏத்தல. என்னன்னு பாரேன்" என்றார்.

அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு விரிப்பைத் தூக்கினேன். களிம்பு பரவியிருந்தது. ஒரு வயர் தொட்டதும் உதிர்ந்தது. அப்போது சொல்லியிருக்கலாம்! அவர் நாலு கடை தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும்... வயரைச் சுற்றி டேப் ஒட்டினேன். விரிப்பை மறுபடியும் பசை போட்டு மூடினேன். வாசனைப் பாட்டில் ஒன்றை வாங்கி வைத்து, "கார்ப்பெட் நனஞ்சிருக்குண்ணே, இனிமே வராது" என்றேன். காசுகூட வாங்கவில்லை. அதற்கும் அவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தினேன் என்றெல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. எதற்குப் பயப்படுகிறேன்? பரமசிவம் அண்ணாச்சி வேலை கொடுக்கமாட்டார் என்றா? அதுவும்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம், சூசை அண்ணன் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார், அந்தத் தையலைப் பார்ப்பார். என் தையல் அவருக்குத் தெரியும்.

இவ்வளவு எழுதிய பிறகும் ஒரு பொய் மேலே இருக்கிறது. அதை அடித்து எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். இதையும் படித்துவிடுங்கள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை என்று எழுதினேன். கேட்டார்.

துண்டுக்கடியில் என் கை அவர் கைக்குள் இருந்தபோதே, குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "ஏன்லே இவ்வளவு கம்மிக்கு எடுத்திருக்கான்? வண்டில எதும் கோளாறா?"

அதற்கு விரல் கிடையாது. துண்டுக்கடியில் எத்தனை லட்சம் என்றாலும் சொல்லலாம். தண்ணீர், மண், நத்தை, களிம்பு, இதையெல்லாம் சொல்ல முடியாது. வாயைத் திறந்தாக வேண்டும். எதிரே அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என் உள்ளங்கையை அவர் உள்ளங்கையோடு வைத்து, அழுத்தினேன்.

பேச்சு முடிந்தது. வாங்கிவிடு.

சூசை அண்ணன் அதற்குப் பிறகுதான் சிரித்தார். என்னை நம்பிச் சிரித்தார்!

இப்போது அந்த வண்டி என் கடைக்குள்தான் நிற்கிறது. சாவி என் சட்டைப் பையில். நாளைக்கு விடிந்ததும் எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள். சின்னவனுக்கு முடி எடுக்கிற நேர்ச்சை. நீளப் பயணம் என்று சீட்டுக்குப் புது உறை போடச் சொல்லிக் காலையில் விட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் எடுக்க வருவார்.

உறையைத் தைத்துவிட்டேன். முன் சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருக்கிறேன். விரிப்பை உரித்துத் திறந்து போட்டிருக்கிறேன். நான் ஒட்டிய டேப்பும் அதைச் சுற்றிப் பச்சையும் நன்றாகத் தெரிகின்றன. அவர் வந்து பார்த்தால் கேட்பார். கேட்டால் சொல்வேன்... இப்படித்தானே அன்றும் நினைத்தேன்! இன்றும் வாயைத் திறக்காமல், அவரே பார்த்துக் கேட்கட்டும் என்று வண்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் என்னை நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. பசை டப்பாவையும் திறந்துதான் வைத்திருக்கிறேன். விரிப்பை ஒட்டி, சீட்டை மாட்ட அரைமணி நேரம் போதும்.

தெருமுனையில் யாரோ ஆரன் அடிக்கிறார்கள். அவர் வண்டி இங்கேதான் நிற்கிறது. அது அவராக இருக்க முடியாது. ஆனாலும் என் கை சட்டைப் பைக்குள் போய்ச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை, பிற்பகல்.