கன்னத்தில் வைத்துப் பார்த்த இலை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருஷம், மலாக்காவில் காஜா பெராங் பக்கம் கோயிலுக்குப் பூ கொடுக்கும் ஒரு மலாக்கா செட்டி அம்மாவிடம் நித்தியகல்யாணி இலை வாங்கிவந்தேன். அதிலிருந்து புற்றுநோய்க்கு மருந்தாகக்கூடிய சத்தைப் பிரித்தெடுக்க சிங்கப்பூரில் ஒரு ஆராய்ச்சியாளர் முயன்றுகொண்டிருந்தார். மூட்டை கட்டி அனுப்புவது என் வேலை.

அந்த அம்மாவுக்கு ஒல்லியான உடம்பு, மேலே வெளுத்த கெபாயாச் சட்டை. தலைமுறைகளுக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழர் வழிவந்தவர் என்றாலும் பேச்சு முழுக்க மலாய். 'தம்பி' மட்டும் தமிழில் வரும். நிழலில் உலர்த்திய இலையைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் மறுபடியும் முறத்தில் போட்டுவிடுவார்.

ஒருநாள் லாரிக்கு நேரமாகிவிட்டது. "இன்னும் ஈரம் இருக்கு தம்பி, நாளைக்கு எடுத்துக்குங்க" என்று மலாயில் சொன்னார். நான் கேட்கவில்லை. அள்ளிக் கட்டி ஏற்றிவிட்டேன். மூட்டை பூஞ்சணம் பிடித்துப் போய்ச் சேர்ந்தது. காரணம் கேட்டு ஆராய்ச்சியாளர் எழுதினார். 'பூக்காரம்மா சரியாகக் காயவைக்கவில்லை' என்று பதில் போட்டேன். இனி அவரிடம் வாங்காதே என்றார்.

அதைச் சொல்லத்தான் போனேன். இலை கெட்டுவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"தப்பு என்னோடதுதான் தம்பி. நோயாளிக்குப் போற இலை. அன்னிக்கு உங்களை எடுக்க விட்டிருக்கக் கூடாது."

உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். என் கண்ணெதிரிலேயே கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பக்கத்து ஊரான கிளேபாங்கில் வேறொருவரிடம் வாங்கியது என்று எழுதி அதை அனுப்பினேன். இலை அருமை, இனிமேல் கிளேபாங்கிலேயே வாங்கு என்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா வீட்டுப் பக்கம் போக எனக்கு முகமில்லை.