நாலு சமயமும் ஆசீர்வதித்த சேர்வர்

எங்கள் நிலையத்தின் வரவேற்பு மேசைக்கு மேலே பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் மல்லிகை மாலை போட்ட ஒரு கறுப்புப் பெட்டி, சுற்றி நின்று சிரிக்கிற பெரிய மனிதர்கள். அதைக் காணும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் இருக்கிற சிறிய இதய ஸ்கான் நிலையம் அது. கணினி வேலை முழுவதும் என் தலையில். நோயாளிகளின் ஸ்கான் படங்கள் எல்லாம் மூன்று கணினிகளை ஒன்றாகப் பிணைத்த ஒரு கிளஸ்டரில் இருந்தன. ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் தாங்க வேண்டும், அதற்குத்தான் கிளஸ்டர். கட்டித் தந்துவிட்டுப் போனவர்கள் கட்டிய சீருக்கு, ஒன்று படுத்தால் மூன்றும் சேர்ந்து படுத்தன. எல்லாவற்றையும் துடைத்து அடியிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு முன் படங்களைப் பத்திரமாக எடுத்து வைக்க ஒரு பேக்கப் சேர்வர் வேண்டும். கேட்டு, கெஞ்சி, சண்டை பிடித்து அதை வாங்கினேன்.

அதைப் பின்கட்டடத்தின் மேல்மாடியில் வைத்தேன். மாரியில் முன்கட்டடத்துக்குள் வெள்ளம் வரும். கிளஸ்டர் இருக்கிற அறையிலேயே பேக்கப்பையும் வைப்பது, மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே வயர் இழுத்து, கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கட்டளை கட்டளையாகத் தட்டினேன். சேர்வருக்கு முகவரி கொடுத்தேன். கிளஸ்டருக்கு அதை அறிமுகம் செய்தேன். படங்களைப் பிரதி எடுக்க மட்டும் அனுமதி, அழிக்க அனுமதி இல்லை என்று எழுதினேன். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் முதலிலிருந்து தட்ட வேண்டும். எங்கள் முகாமையாளர் வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"என்ன மிஸ், ஒரு படமும் இல்லை, பட்டனும் இல்லை? திறப்பு விழாவுக்கு வாறவைக்கு எதைக் காட்டுறது?"

ஒரு சேர்வருக்குத் திறப்பு விழா! அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இந்த மனிதருக்குப் படங்கள் தப்புவதைவிடப் படம் எடுப்பதுதான் முக்கியம் என்று.

பிரதி முழுவதும் ஏறியது. ஒவ்வொரு கோப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. விழா முடியட்டும், பிறகு கிளஸ்டரைத் துடைக்கிறேன், அதுவரை இரண்டு இடத்திலும் படங்கள் இருக்கட்டும் என்று சொன்னேன். "பிரதம அதிதி வரேக்க எல்லாம் புதுசா இருக்கோணும், மிஸ்," என்று முடித்துவிட்டார். துடைத்தேன். அதோடு எங்கள் நோயாளிகளின் இதயங்கள் எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கிளிவெட்டியிலிருந்து ஓர் அக்கா மகளோடு வந்தார். பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. கைக்குழந்தையாக இருந்த நாள் முதல் எங்களிடம்தான் ஸ்கான். கொழும்பு டொக்டர் பழைய படங்கள் அத்தனையும் கேட்டிருக்கிறார்.

"ஓட்டை சுருங்கிக்கொண்டு வந்தா வெட்டத் தேவையில்லையாம், தங்கச்சி. பழைய படம் இல்லாட்டி ஒண்டும் சொல்ல ஏலாதாம். வெட்டத்தான் வேணுமாம்." பிள்ளை அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என் விசைப்பலகையைப் பார்த்தபடி நின்றாள்.

படங்களைத் திறந்து டிஸ்கில் எழுதுகிற மென்பொருள் கிளஸ்டர் எழும்பினால்தான் ஓடும். "கிழமை முடியிறதுக்குள்ள தாறன் அக்கா, பயப்பிடாதேங்கோ," என்று அனுப்பினேன். புதுக் கிளஸ்டரைக் கட்டி, சேர்வரிலிருந்து படங்களைத் திருப்பி ஏற்றத் தொடங்கினேன். முடியும்வரை அந்தப் பெட்டியில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று முகாமையாளரிடம் நேருக்கு நேர் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

விழா அன்று காலை மேல்மாடிக்கு ஏறிப் போனால், மேசை வெறுமையாகக் கிடக்கிறது. வயர் நிலத்தில் கிடக்கிறது. கீழே ஓடினேன்.

முன்மண்டபத்தில் பெட்டி மாலையோடு இருந்தது. பிரதம அதிதிக்கு முழங்கால் வருத்தமாம், மாடி ஏற ஏலாதாம். அதனால் சேர்வர் இறங்கி வந்திருக்கிறது. படத்துக்கு லைட் மினுங்க வேண்டுமென்று பிளக்கையும் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் எந்தத் திறப்பு விழா என்றாலும் நாலு சமயத்தவரும் வந்து ஆசீர்வதிப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். மௌலவி கையேந்தித் துஆ கேட்டு முடித்திருந்தார். குருக்கள் ஐயா மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துக்கொண்டிருந்தார். ஃபாதர் தீர்த்தத்தோடு கையை உயர்த்திவிட்டார். பின்னால் பிரித் ஓதிய தண்ணீர்க் குடத்தோடு புத்த விகாரைத் தேரர் காத்து நின்றார்.

"தண்ணி ஊத்தாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஃபாதர் உயர்த்திய கையை அப்படியே நிறுத்தி, "கரண்ட் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். அந்தச் சபையில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். வந்தவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அழைத்தவர் சொல்லியிருந்தால் அவர்களே தள்ளி நின்றிருப்பார்கள்.

முகாமையாளரின் முகம் கறுத்துவிட்டது. "விளக்கேத்தின நேரத்தில அணைக்கிறதோ? அபசகுனம் மிஸ்! பிளக்கைப் போடுங்கோ, படம் எடுக்கோணும்."

"உள்ளுக்குத் தண்ணி போயிருக்கு சேர். இப்ப போட்டா எரிஞ்சுபோகும். அந்தப் பிள்ளையின்ர படம் இன்னும் கிளஸ்டருக்கு ஏறேல்லை, இதுக்குள்ள மட்டும்தான் இருக்கு."

"எந்தப் பிள்ளை?" என்று கேட்டார்.

எந்தப் பிள்ளையாம்! முந்தின நாள்தான் அந்த அக்கா படம் கேட்டுத் திரும்பவும் வந்து அவருக்கு முன்னால் நின்று அழுதுவிட்டுப் போயிருந்தார். நான் பிளக்கைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேசையின் ஓரத்திலேயே நின்றேன். லைட் மினுங்காமலே படம் எடுத்தார்கள்.

பிறகு பெட்டியைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. பஞ்சால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே நாட்கணக்கில் காய வைத்தேன். அந்த நாட்களில் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. விழாவைக் குழப்பினவள் என்ற பெயர் மட்டும் நிலையம் முழுக்கப் பரவியிருந்தது. பிள்ளையின் நெஞ்சில் கத்தி வைத்தால் அந்தப் பாவம் யாருக்கு என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

காய்ந்தபின் பிளக்கைப் போட்டேன். எழும்பியது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவிட்டேன். வரி வரியாகச் சரி, சரி என்று ஏறியது. பிள்ளையின் முதல் ஸ்கானைக் கிளஸ்டரில் ஏற்றித் திறந்தேன். ஒரு குஞ்சு இதயம் திரையில் அடித்துக்கொண்டிருந்தது. நான் விம்மி அழுதேன், வெட்கமில்லாமல்.

நான் எழுதிக் கொடுத்த டிஸ்கோடு கொழும்புக்குப் போய்த் திரும்பிய அக்கா நேரே எங்களிடம்தான் வந்தார். "சுருங்கிக்கொண்டு வருதாம் தங்கச்சி! வெட்டத் தேவையில்லையாம்!" என் கைகளைப் பிடித்துக்கொண்டார். வரவேற்பு மேசையடியில் நின்ற முகாமையாளர் குறுக்கே வந்தார்.

"நாலு சமயத்தின்ர ஆசீர்வாதமும் விழுந்த மெசின் அக்கா அது. அதாலதான் உங்கட பிள்ளையின்ர படம் தப்பினது."

சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். மூலப்படத்தின் வலது ஓரத்தில் பிளக்கைப் பிடித்தபடி என் கை இருந்தது. சட்டம் போடும்போது அதை வெட்டச் சொன்னவரும் அவர்தான்.

அக்கா படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். மகளையும் கூப்பச் சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் ஒருக்காக் கும்பிடுங்கோ தங்கச்சி," என்றார்.

அந்தச் சின்னக் கைகள் கூப்பியிருக்கும்போது என்னத்தைச் சொல்வது? நானும் கும்பிட்டேன். சட்டத்தின் வலது பக்கத்துக்கு வெளியே, வெறும் சுவரைப் பார்த்துத்தான் கும்பிட்டேன்.